பிழை பார்ப்பவள்

கொக்குவில் ரயில் கடவைக்குப் பக்கத்தில்
ஒரு மாடியறை. விசிறி ஓடுகிறது, கணினி அதைவிடச் சத்தமாக.
தெல்லிப்பழையிலிருந்து வந்த இருபத்துமூன்று கட்டிகள்
திரையில் வெறும் எழுத்தாகக் கிடக்கின்றன.
பெயர் இல்லை. எண், வயது, ஊர்ப்பக்கம்.

சி இருந்த இடத்தில் ரி.
சி இருந்த இடத்தில் ஏ.
முன்னுக்கு நின்ற எழுத்து எது, பின்னுக்கு நின்றது எது
என்று பிரித்தால் பிழைகள் தொண்ணூற்றாறு வகை.
தொண்ணூற்றாறு நிரை, இருபத்துமூன்று நிரல்.
இந்த அட்டவணையை இரண்டாக உடைக்கவேணும்:
யார் யார் பிழைவிட்டார்கள்,
எந்த உடம்பில் எவ்வளவு விட்டார்கள்.

இது எனக்குப் புதிய வேலை இல்லை.

பதினொரு வருடம் பத்திரிகைக் கந்தோரில்
மரண அறிவித்தல்களுக்குப் புரூவ் பார்த்தேன்.
யோகாம்பிகை அடித்த பக்கத்தில்
ழகரமெல்லாம் ளகரமாகும்.
அந்தோனிமுத்து அண்ணை ஒற்றெழுத்தைத் தின்றுவிடுவார்,
அன்புக் கணவர் அன்பு கணவர் ஆவார்.
ஊரடங்குக்கு முன் அவசரத்தில் அடித்த பக்கம்
யார் அடித்தாலும் ஒரே மாதிரி:
அரவு விழுந்த எழுத்துகள்,
இரண்டுதரம் இறந்த மாமாக்கள்.
எல்லாரும் கலந்து அடித்த பக்கத்தையும்
பிழையை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்வேன்.
"உமக்குப் பேய்க்கண்" என்றார் முதலாளி.
சம்பளம் கூட்டவில்லை.

எத்தனை கை என்று கணினிக்கு நான்தான் சொல்லவேணும்.
மூன்று என்றால் மிச்சம் கொஞ்சம் தொங்குகிறது.
ஐந்து என்றால் இல்லாத ஆளுக்கும் கை முளைக்கிறது.
நாலு என்று கொடுத்துவிட்டுத்
தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

முதற்கை வயது. எல்லாரிலும் உண்டு,
கட்டி வராத என்னிலும்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அழைக்காமல் வந்து
சில சி-களை ரி ஆக்கிவிட்டுப் போகும்.
இரண்டாவது, வைரஸை வெட்ட
உடம்பு வைத்திருந்த கத்தரி, தன்னையே வெட்டினது.
மூன்றாவது புகை. சி போய் ஏ.
நாலாவது யாரென்று எனக்குத் தெரியாது.
அதற்குத் "தெரியாது" என்றே பெயர் வைத்தேன்.

பதினாறாம் எண். ஆண், அறுபத்தொன்று, நுரையீரல்,
புன்னாலைக்கட்டுவன் பக்கம்.
படிவத்தில், புகைத்தல்: இல்லை.
திரையில், மூன்றாவது கை பாதிக்கு மேல்.
"பொய் சொல்லியிருக்கிறார், எல்லாரும் சொல்லுறதுதான்"
என்றார் டொக்டர் திலகேஸ்வரி.
பேனையை எடுத்து அந்த இல்லையை வெட்டப் போனார்.

பொறுங்கோ என்றேன்.
புரூவ் பார்த்தவள் மூலத்தைக் கேளாமல் வெட்டமாட்டாள்.

தாதி ஒருவர் கேட்டு வந்து சொன்னார்:
சுருட்டு வாயில் வைத்ததே இல்லையாம்.
பதின்மூன்று வயதிலிருந்து புகைக்குடிலில் வேலை.
கதவை அடைத்துப் பொச்சுமட்டை மூட்டி
ஊராரின் புகையிலைக்குப் புகை போட்டவர்.
உள்ளே போய்ப் புரட்டிவிட்டு
இருமிக்கொண்டு வெளியே வருவாராம்.
அதைக் கேட்கப் படிவத்தில் பெட்டி இல்லை.

அது போதுமா? தெரியாது.
ஒரு ஆள், இருபத்துமூன்று கட்டி,
இதை வைத்து நியாயம் தீர்க்க ஏலாது.
என் நாலு, மூன்றாகவும் இருந்திருக்கலாம்.
ஓரத்தில் எழுதினேன்: குடிற்புகை? இன்னும் மாதிரிகள் தேவை.
இல்லை, வெட்டுப்படாமல் நின்றது.

கடைசி ரயில் போக மின்சாரமும் போனது.
சேமிக்காத ஓட்டம். திரும்பவும் முதலிலிருந்து.
இருட்டில் நாலாவது கையை யோசித்தேன்,
கிணற்றுத் தண்ணியா, தோட்டத்து மருந்தா,
அந்த வருடங்களின் காற்றா.

கந்தோரிலும் ஒருவர் இருந்தார். ஒரே ஒரு மாதம்.
பெயர் ஞாபகம் இல்லை.
குற்றுகளை எல்லாம் ஒரு எழுத்துத் தள்ளி வைப்பார்.
சம்பளம் எடுக்க வரவில்லை.
அவருடைய பிழையை
இன்றைக்குக் கண்டாலும் அறிவேன்.